வைகறைக் காற்றும் வானப் பலூனும்

நற்பிட்டிமுனையின் அயலிலே கரவாகு வயல்வெளி பரந்து கிடக்கின்றது. மலையில்லை, குன்றில்லை. அறுவடை முடிந்த காலத்திலே கண்ணுக்கெட்டிய தூரம் வரை அரிதாளே காட்சி தரும். பலூனில் ஏறி மனிதர் பறக்கும் காட்சியைப் படத்திற் கண்ட ஓர் இளைஞன், “இத்துணை விசாலமான வெளி நம்மூரில் இருக்க, பலூனில் ஏறுவதற்குச் சனங்கள் ஏன் தம்புள்ளைக்குப் போகின்றார்கள்?” என்று கேட்பானாயின், அது வீண் கேள்வியன்று. அதற்குரிய விடை வயலில் இல்லை. விடியற்காலையில் ஊரின்மேல் வீசும் காற்றில் இருக்கின்றது. கல்முனைக் கடற்கரையிலே தோணி தள்ளும் மீனவர்கள் அக்காற்றை நன்கு அறிவர். ஆயினும் பலூனைப் பற்றி அவர்களிடம் யாரும் கேட்பதில்லை.

இலங்கையிலே பலூன் பிரயாணம் நடைபெறும் இடம் தம்புள்ளைக்கு அண்மையிலுள்ள கண்டலமக் குளத்தைச் சூழ்ந்த நாட்டுப்புறமாகும். நவம்பர் முதல் ஏப்ரல் வரை அதன் பருவம். சூரியன் உதிக்கும் வேளையிலே பலூன் மேலெழும். ஏறத்தாழ ஒரு மணி நேரம் மிதந்து, எங்காவது ஒரு வெளியில் இறங்கும். அதன் பின்னர், அன்றைய பகலை வழிகாட்டியோடு குகைக்கோயிலையும் சீகிரியாக் குன்றையும் பார்ப்பதிற் கழிப்பது வழக்கமாகிவிட்டது.

பலூன் எவ்வாறு எழும்புகின்றது என்பதை அறிய, வடபகுதித் திருவிழாக்களிலே விடப்படும் புகைக்குண்டை நினைத்துக்கொண்டாற் போதும். வல்வெட்டித்துறை இந்திரவிழாவுக்குச் சென்றவர்கள் அதைக் கண்டிருப்பர். மெல்லிய கடதாசியாலான பெரிய கூடு. அதன் வாயிலே எண்ணெயில் தோய்ந்த துணி எரியும். உள்ளே வெப்பம் ஏறியதும் கூடு கையை விட்டு நழுவி இருண்ட வானத்திலே ஒரு நட்சத்திரம் போல ஏறிச் செல்லும். மனிதனைச் சுமக்கும் பலூனும் இதே தத்துவத்தில் இயங்குவதுதான். ஆனால் “புகைக்குண்டு” என்னும் பெயரிலே ஒரு பிழை உண்டு. அதைத் தூக்குவது புகையன்று, சூடேறிய காற்றே. இப்பிழையிற் பேரறிஞரும் வீழ்ந்தனர். பிரான்சு தேசத்து மொங்கொல்பியர் சகோதரர்கள் 1783ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் முதன்முதலாகப் பலரறியப் பலூன் விட்டபோது, புகையிலேயே தூக்கும் சக்தி உண்டென்று நம்பி, ஈரவைக்கோலையும் ஆட்டு மயிரையும் எரித்தார்கள். அவ்வாண்டு செப்டெம்பரிலே ஓர் ஆடும் ஒரு வாத்தும் ஒரு சேவலும் வேர்சாய் அரண்மனை முன்றிலிலிருந்து ஆகாயப் பிரயாணம் செய்தன. நவம்பர் 21ஆம் நாள் இரண்டு மனிதர்கள் பாரிசு நகரின் மேலாக ஏறத்தாழ 25 நிமிடம் பறந்தார்கள். கொள்கை தவறாயினும் கூடு பறந்தது.

அதன் பின்னர் நெடுங்காலம் வெப்பக்காற்றுப் பலூன் மறக்கப்பட்டிருந்தது. வைக்கோல் நெருப்பை வானத்திலே கட்டுப்படுத்துவது எளிதன்று. ஐதரசன் வாயு அடைத்த பலூன்களே புகழ்பெற்றன. 1960ஆம் ஆண்டு ஒக்டோபரிலே அமெரிக்காவின் நெபிராஸ்கா மாநிலத்தில் எட் யோஸ்ற் என்பவர் நைலோன் துணிக்கூட்டின் கீழே புரொப்பேன் வாயு அடுப்பைப் பொருத்திப் பறந்து காட்டினார். வேண்டியபோது எரிக்கவும் வேண்டாதபோது அணைக்கவும் கூடிய நெருப்பு அப்போதுதான் கிடைத்தது. இன்று கண்டலமவில் எழும் பலூன் அந்த வழியில் வந்ததே.

இனி, விடியற்காலை ஏன் என்ற வினா. சூரியோதயத்தின் அழகுக்காக என்று விளம்பரங்கள் கூறும். அழகு உண்மைதான், ஆனால் மெய்யான காரணம் தராசிலே இருக்கின்றது. 20 பாகைக் குளிரிலே ஒரு கனமீற்றர் காற்று ஏறத்தாழ 1,200 கிராம் எடையுள்ளது. அதையே 100 பாகைக்குச் சூடாக்கினால் 950 கிராம் அளவுக்கு இலேசாகிவிடும். வேறுபாடு 250 கிராம். 3,000 கனமீற்றர் கொள்ளும் ஒரு கூட்டை எடுத்துக்கொண்டால், அது தூக்கக்கூடிய மொத்தப் பாரம் 750 கிலோகிராம். துணி, கூடை, வாயுச் சிலிண்டர், மனிதர் யாவரும் இதற்குள் அடங்கவேண்டும். அதே பலூனை 32 பாகை வெயிலிலே ஏற்ற முயன்றாற் கணக்கு மாறும். வெளிக்காற்றே 1,160 கிராமாக இலேசாகிவிடுகின்றது. வேறுபாடு 210 கிராமாகக் குறைந்து, தூக்கும் பாரம் 630 கிலோகிராமாகச் சுருங்கும். காலைக்கும் நண்பகலுக்கும் இடையே இரண்டு ஆட்களின் பாரம் காற்றோடு போய்விடுகின்றது. துணியை இன்னும் சூடாக்கினால் என்ன என்று கேட்கலாம். நைலோன் பொறுக்கும் சூட்டுக்கு ஓர் எல்லை உண்டு.

இதனினும் பெரிய காரணம் ஒன்றுண்டு. வெயில் ஏற ஏற, நிலம் ஒரே சீராகச் சூடாவதில்லை. வெறும் மண் விரைவிற் கொதிக்கும். நீர்நிலையும் காடும் மெதுவாகவே சூடேறும். கொதித்த இடத்திலிருந்து காற்று தூணாக மேலே கிளம்பும். பக்கத்திலே குளிர்ந்த காற்று கீழே இறங்கும். பருந்துகள் சிறகசைக்காமல் வட்டமிட்டு ஏறுவது இத்தகைய தூண்களிலேதான். பருந்துக்கு உதவும் அந்தக் காற்று பலூனுக்குப் பகையாகும். இரவு முழுதும் குளிர்ந்து அடங்கியிருக்கும் காற்றிலே, உதயத்தை ஒட்டிய ஓரிரு மணி நேரமே பலூனுக்குரிய காலம்.

பலூனுக்குச் சுக்கானும் இல்லை; துடுப்பும் இல்லை. ஏறவும் இறங்கவும் மட்டுமே பலூனோட்டியால் முடியும். அடுப்பை எரித்தால் ஏறும். உச்சியிலுள்ள துணிமூடியைக் கயிற்றால் இழுத்துச் சிறிது திறந்தாற் சூடு வெளியேறி இறங்கும். அப்படியானால் திசையை எப்படித் தேர்வது? நூறு அடியில் ஒரு திசையிலே வீசும் காற்று ஆயிரம் அடியில் வேறொரு திசையிலே வீசக்கூடும். தனக்கு வேண்டிய திசைக்காற்று எந்த உயரத்திலே ஓடுகின்றது என்று தேடிப் பிடித்து, அங்கே பலூனை நிறுத்துவதுதான் அவன் வித்தை. தேடியும் கிடைக்காத நாள்களும் உண்டு. தமிழ்நாட்டிலே பொள்ளாச்சியில் 2015ஆம் ஆண்டு முதல் பலூன் திருவிழா நடைபெற்று வருகின்றது. அங்கே 2025 ஜனவரியில் எழும்பிய ஒரு பலூன் மாநில எல்லையைத் தாண்டி, கேரளத்தின் பாலக்காட்டு வயலொன்றில் இறங்கியது. அங்கே வயல் இருந்தது, இறங்க முடிந்தது. வயலுக்குப் பதிலாகக் கடல் இருந்திருந்தால்?

இங்கேதான் நற்பிட்டிமுனை இளைஞனின் கேள்விக்கு விடை வருகின்றது. பகலிலே வெயிலால் நிலம் கடலைவிடச் சூடாகும். கடலிலிருந்து நிலத்தை நோக்கிக் காற்று வீசும். இரவிலே இது தலைகீழாகும். நிலம் விரைவாகக் குளிர்ந்துவிட, கடல் தன் வெப்பத்தை விடாது வைத்திருக்கும். நிலத்தின் மேலுள்ள குளிர்ந்த கனத்த காற்று கடலை நோக்கி மெல்லப் பாயும். அதுவே கரைக்காற்று. சூரியன் உதிக்கும் வேளையிலும் அது ஓயாது. பாய் கட்டிய காலத்திலே கீழ்க்கரை மீனவர் இக்காற்றைத் துணைகொண்டே விடியுமுன் ஆழக்கடலுக்குச் சென்றனர். மீனவனைக் கடலுக்கு அனுப்பும் அக்காற்று பலூனையும் கடலுக்கே அனுப்பும். மணிக்கு 10 கிலோமீற்றர் வேகம் மிக மெல்லிய காற்றாகும். அவ்வேகத்தில் இரண்டு கிலோமீற்றரைக் கடக்கப் பன்னிரண்டு நிமிடம் போதும். நற்பிட்டிமுனை வயலிலே எழும்பும் பலூன், கூடையிலுள்ளோர் ஊரைப் பார்த்து முடிப்பதற்குள் வங்காள விரிகுடாவின் மேலே நிற்கும். கடற்காற்று திரும்பி வீசும் வரை காத்திருக்கலாமே என்றால், அது வலுப்பெறும் நேரத்தில் வெயிலும் ஏறி, தூண்காற்றுகள் கிளம்பிவிடும்.

பருவக்காற்றும் துணை செய்வதில்லை. கார்த்திகை, மார்கழியிலே வாடையும் மாரிமழையும். வைகாசிக்குப் பின் கச்சான். அது மேற்கிலிருந்து வீசிக் கடலை நோக்கித் தள்ளும் உலர்ந்த காற்று. இடையிலுள்ள மாசி, பங்குனி மாதங்களிலே வானம் தெளிந்திருக்கும். ஆனால் கரைக்காற்று தன்னைத் தெளிவாகக் காட்டுவதும் அப்போதுதான். கண்டலமவிலோ காற்று எப்பக்கம் வீசினும் நாற்புறமும் நிலமே. வயலும் சேனையும் வற்றிய குளத்து வெளியும் இறங்குதளமாக உதவும்.

ஆகவே நற்பிட்டிமுனையிலிருந்து இப்பிரயாணத்தை விரும்பும் குடும்பம் ஏறத்தாழ இருநூறு கிலோமீற்றர் வழி செல்லவேண்டும். மட்டக்களப்பு, ஓட்டமாவடி, பொலன்னறுவை, ஹபரணை என்று நீளும் பாதை அது. முதல் நாளே சென்று தம்புள்ளையில் அல்லது ஹபரணையில் தங்குவதே புத்தி. ஏனெனில் கூடவேண்டிய நேரம் விடியுமுன் ஐந்து மணியளவாகும். சுபஹுத் தொழுகையின் வேளையும் அதுவே. முஸ்லிம் பிரயாணிகள் இதை முன்கூட்டியே ஏற்பாட்டாளரிடம் சொல்லிவைத்தல் நன்று. துணி விரித்துக் காற்றூதும் வேலை சிறிது நேரம் பிடிப்பதாற் களத்தின் ஓரத்திலேயே தொழுதுகொள்ள அவகாசம் கிடைக்கும். பருத்தி ஆடையும் மூடிய பாதணியும் வேண்டும். பனி நனைத்த புல்லிலே நடக்க நேரும். கர்ப்பிணிகளும், அண்மையிற் சத்திரசிகிச்சை பெற்றோரும், கூடையின் விளிம்புக்கு மேலே தலை எட்டாத சிறு பிள்ளைகளும் ஏறாதிருத்தல் வேண்டும்.

அங்கே சென்ற பின்னும் பறப்பது நிச்சயமில்லை என்பதை மனத்திற்கொள்ள வேண்டும். பலூனோட்டி முதலில் ஒரு சிறு பலூனை வானத்தில் விட்டு, அது போகும் போக்கைப் பார்ப்பான். பார்த்துவிட்டு, “இன்று இல்லை” என்று சொல்லக்கூடும். பருவத்தின் முற்பகுதி மாரியோடு கலந்திருப்பதால் இத்தகைய நாள்கள் குறைவல்ல. பணம் கட்டி, பிள்ளைகளை அழைத்துக்கொண்டு, இருநூறு கிலோமீற்றர் வந்த தகப்பனுக்கு இச்சொல் கசக்கும். சிலர் வாதாடுவர், சிலர், “கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்ப்போமே” என்பர். பொறுத்தால் வெயில் ஏறும். பயணம் நிறுத்தப்பட்டாற் பணம் திரும்புமா, மறுநாளைக்கு இடம் உண்டா என்பதைப் பதிவு செய்யும் வேளையிலேயே கேட்டு எழுத்திற் பெற்றுக்கொள்வது களத்திலே நின்று சச்சரவு செய்வதைவிட மேலானது. பலூனிலே நேரும் தவறு சிறிதாகவே தொடங்கும். எகிப்து நாட்டின் லக்சர் நகரிலே 2013 பெப்ரவரி 26ஆம் நாள், இறங்கும் தறுவாயில் இருந்த பலூனொன்றிலே வாயுக்குழாய் கசிந்து தீப்பற்றியது; 19 பேர் மாண்டனர். தன் கருவியையும் காற்றையும் பார்த்து மறுக்கத் தெரிந்தவனிடமே பிள்ளைகளை ஒப்படைக்கலாம்.

அனுமதி கிடைத்த நாளிலே நடப்பதைப் பார்ப்போர் மறவார். தரையிற் கிடந்த துணிக்கூட்டுக்குள் விசிறி காற்றை ஊத, அது மெல்லப் புரண்டு எழும். அடுப்பு சீறும், சுவாலை மனித உயரத்தைத் தாண்டும். பிரப்பங்கூடையிலே எல்லோரும் ஏறி நின்றதும், பூமி தன்னை விட்டு இறங்குவதுபோலத் தோன்றுமேயன்றித் தான் ஏறுவதாகத் தோன்றாது. முகத்திலே காற்றுப் படாது. பலூன் காற்றோடேயே செல்வதால், காற்றைப் பிரயாணி உணர்வதில்லை. அடுப்பை நிறுத்திய இடைவேளைகளிலே கீழே நாய் குரைப்பதும் கோழி கூவுவதும் துலக்கமாகக் கேட்கும்.

வயலை நம்பி வாழும் கீழ்மாகாணத்தார் அங்கிருந்து குறிப்பாகப் பார்க்கவேண்டியவை குளங்களே. நிலத்திலே நின்றால் ஒரு குளம் ஓர் அணைக்கட்டும் சிறிது நீருமாகவே தெரியும். மேலேயிருந்து பார்க்கும்போதோ ஒரு குளத்தின் கழிநீர் கீழுள்ள வயலுக்கும், வயலின் வடிநீர் அடுத்த குளத்துக்கும் இறங்கும் தொடர் கண்ணுக்குப் புலப்படும். பழைய இலங்கையின் இக்குளத்தொடர் முறையை உலக முக்கியத்துவமுள்ள வேளாண் மரபுகளுள் ஒன்றாக ஐக்கிய நாடுகள் உணவு விவசாய நிறுவனம் 2017இல் ஏற்றுக்கொண்டது. அக்காட்சிக்கு அப்பாலே, பனிப்படலத்தின் மேல் சீகிரியாக் குன்று தனித்து நிற்கும்.

இறங்குவதே பயிற்சி வேண்டும் பகுதி. செல்லும் திசைக்கு முதுகைக் காட்டி, முழங்காலை மடித்து, உட்புறக் கயிற்றைப் பற்றியிருக்குமாறு பலூனோட்டி சொல்லுவான். கூடை ஓரிரு தடவை துள்ளலாம். சில வேளை பக்கவாட்டிற் சாய்ந்து இழுபடலாம். அவன் சொல்லும் வரை ஒருவரும் வெளியே குதிக்கலாகாது. ஒருவர் பாரம் நீங்கினாற் பலூன் மறுபடியும் எழும்பிவிடும். விளைந்த வயலைத் தவிர்த்து இறங்குவது பலூனோட்டியின் கடமை. வானொலிப் பெட்டி கொண்டு பின்தொடர்ந்து வந்த வண்டி, சற்று நேரத்தில் வந்து சேரும்.

அப்போது காலை எட்டு மணியாகியிராது. முழுப் பகலும் கையிலிருக்கும். வெயிலுக்கு முன்னே சீகிரியாவில் ஏறுவது நலம். ஐந்தாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலே காசியப்பன் அரண்மனை அமைத்த குன்று அது; ஏறத்தாழ ஆயிரத்து இருநூறு படிகள் உண்டு. நண்பகலைத் தம்புள்ளையின் ஐந்து குகைகளின் நிழலிலே கழிக்கலாம். அங்கே வெண்ணிற ஆடையோ தோளும் முழங்காலும் மறைக்கும் ஆடையோ உடுத்தல் முறை. இரண்டுக்கும் நுழைவுச் சீட்டு வேறுவேறாகும். வழிகாட்டியை அமர்த்துவோர் அவர் தமிழிற் பேசுவாரா என்பதை முதலிலே கேட்டுக்கொள்ளவேண்டும். முதியோர் உடன் வந்தால் இது மிக அவசியம்.

வீடு திரும்பும் வழியிலே பொலன்னறுவை குறுக்கிடும். சோழர் பதினோராம் நூற்றாண்டிலே கருங்கல்லாற் கட்டிய வானவன்மாதேவி ஈச்சரம் அங்கே இன்றும் நிற்கின்றது. அதன் சுவரிலே தமிழ்ச் சாசனங்கள் உள. மாலை மூன்று மணிக்கேனும் அங்கே சேர்ந்தால், வெளிச்சம் மங்குமுன் அவற்றைப் பார்த்துவிட்டு, ஓட்டமாவடியில் உணவருந்தி, இரவு பத்து மணிக்குள் கல்முனைச் சந்தியை அடையலாம்.