பன்னாட்டுப் பொதுச் சுகாதார உயர்கல்வி

நோயுற்ற ஒருவரைப் பரிசோதித்து, நோய் இன்னதெனத் தெளிந்து, மருந்து கொடுத்துத் தேற்றுவது வைத்தியரின் கடமையாகும். ஆனால் ஓர் ஊரிலே ஒரே காலத்தில் நூறு பேர் காய்ச்சலுற்றுக் கிடப்பராயின், அந்நூறு பேருக்கும் மருந்து கொடுப்பதோடு கடமை முற்றுப்பெறுவதில்லை. அக்காய்ச்சல் எங்கிருந்து வந்தது, யாரைப் பற்றியது, யாரைப் பற்றாது விட்டது, நாளை எவ்வூரைச் சென்றடையும் என்னும் வினாக்கள் எழுகின்றன. இவற்றுக்கு விடை கண்டு, நோய் வருமுன்னரே அதனைத் தடுக்க முயலும் துறையே பொதுச் சுகாதாரமாகும். இத்துறையிலே நோயாளி தனிமனிதன் அல்லன். சமுதாயம் முழுவதுமே நோயாளியாகும்.

இத்துறையின் சிந்தனை முறையை விளக்குதற்கு இலண்டன் மாநகரில் 1854 இல் நிகழ்ந்த வாந்திபேதிக் கொள்ளைநோய் சிறந்த எடுத்துக்காட்டாகும். ஜோன் சினோ என்னும் வைத்தியர் இறந்தோரின் வீடுகளை ஆராய்ந்து, அவற்றுட் பெரும்பாலானவை ஒரு தெருவின் நீர்க்குழாயைச் சூழ்ந்திருத்தலைக் கண்டார். அக்குழாய்க்கு அண்மையிலிருந்த மதுவடிசாலையின் தொழிலாளரோ அந்நீரைப் பருகாமையால் நோய்க்குத் தப்பினர். அவர் வேண்டுகோளின்படி குழாயின் கைப்பிடி அகற்றப்பட்டது. நோய் அதற்கு முன்னரே தணியத் தொடங்கியிருந்ததாயினும், நீரே காரணமென்னும் அவர் முடிவு நிலைத்தது. வாந்திபேதிக் கிருமியை றொபேட் கொக் இனங்கண்டு உலகறியச் செய்ததோ ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் கழிந்த பின்னரே. கிருமியைக் காணாமலே, எண்ணிக்கையையும் இடத்தையும் ஒப்புநோக்கி நோயின் வழியை அறியலாம் என்பதை இந்நிகழ்ச்சி உணர்த்திற்று.

இவ்வறிவை முறையாகப் புகட்டும் கல்லூரிகள் தோன்றிய வரலாறு கவனிக்கத்தக்கது. அயனமண்டல நோய்களைக் கற்பிக்கும் முதலாவது கல்லூரி 1898 இல் லிவர்பூல் நகரில் ஒரு கப்பல் வணிகரின் நன்கொடையால் நிறுவப்பட்டது. மறு ஆண்டிலே பற்றிக் மான்சனின் முயற்சியால் இலண்டனிலும் ஒன்று தோன்றிற்று. குடியேற்ற நாடுகளுக்குச் சென்ற வணிகரையும் அதிகாரிகளையும் காத்தலே அக்கல்லூரிகளின் முதனோக்கமாக இருந்தது. அந்நாட்டு மக்களின் நலம் அடுத்த நிலையிலேயே எண்ணப்பட்டது. 1916 இல் அமெரிக்காவிலே றொக்பெல்லர் மன்றத்தின் பொருளுதவியோடு ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் பொதுச் சுகாதாரத்துக்கெனத் தனிக் கல்லூரி அமைந்தது. அம்மன்றத்தின் உதவியாலேயே இலண்டன் சுகாதார, அயனமண்டல வைத்தியக் கல்லூரியும் விரிவுபெற்று 1929 இல் புதிய கட்டடத்திற் குடிபுகுந்தது. 1948 இல் உலக சுகாதாரத் தாபனம் தோன்றியபின், அயனமண்டல நாடுகளின் மக்களே மாணவராக இக்கல்லூரிகளை நாடிச் சென்றனர். யாரைக் கண்டு அஞ்சித் தற்காப்புக்காக இக்கல்வி தொடங்கப்பட்டதோ, அவர்களே பின்னர் அதனைத் தம்மக்கள் நலத்துக்குரிய கருவியாக்கிக் கொண்டனர்.

பொதுச் சுகாதார முதுமாணிப் படிப்பிலே ஐந்து பாடங்கள் அடிப்படையாக அமைகின்றன. நோய் பரவும் முறையை ஆராயும் கொள்ளைநோயியல், புள்ளிவிபரவியல், நீர், காற்று முதலியவற்றை ஆராயும் சூழற் சுகாதாரம், சுகாதார நிருவாகம், மக்களின் பழக்கவழக்கங்களை ஆராயும் சமூகவியல் என்பனவே அவை. ஆதலின் இப்படிப்பு வைத்தியருக்கு மட்டும் உரியதன்று. தாதியர், பொறியியலாளர், கணித வல்லுநர், பொருளியலாளர் ஆகியோரும் இதனைப் பயில்கின்றனர்.

இக்கல்வியின் பயன் யாது என வினவுவோர்க்கு வைசூரி ஒழிப்பு விடை கூறும். ஹாவாட் பல்கலைக்கழகத்தில் 1965 இல் பொதுச் சுகாதார முதுமாணிப் பட்டம் பெற்ற வில்லியம் ஃபேகி என்னும் வைத்தியர், மறு ஆண்டிற் கிழக்கு நைஜீரியாவிலே பணிபுரிந்தார். அங்கு வைசூரி தோன்றியபோது எல்லோருக்கும் அம்மைப்பால் குத்துதற்குப் போதிய மருந்து இருக்கவில்லை. அவர் வானொலித் தொடர்பின் மூலம் நோய் கண்ட ஊர்களை அறிந்து, நோயாளரோடு பழகியோருக்கும் நோய் அடுத்துச் செல்லக்கூடிய இடங்களிலுள்ளோருக்கும் முதலில் அம்மைப்பால் குத்தினார், நோய் அடங்கியது. இம்முறை பின்னர் உலகெங்கும் கைக்கொள்ளப்பட்டது. 1977 இல் சோமாலியாவிற் கண்ட நோயாளியே இயற்கையாக வைசூரியுற்றவருள் இறுதியானவர். 1980 இல் அந்நோய் ஒழிந்ததாக அறிவிக்கப்பட்டது.

இலங்கையின் அனுபவமும் இதற்கு இயைந்ததே. 1926 இற் களுத்துறையிலே முதலாவது சுகாதாரப் பகுதி நிறுவப்பட்டபோதிலும், 1934 இல் மழை பொய்த்து ஆறுகள் குட்டைகளாகத் தேங்க, அவற்றில் நுளம்பு பெருகிற்று. மலேரியாவுக்குப் பழக்கப்படாத ஈரவலய மக்களை அந்நோய் தாக்கியமையால் ஏறத்தாழ 80,000 பேர் மாண்டனர். 1946 முதல் டி.டி.ரி. தெளிக்கப்பட்டதன் பயனாக, 1963 இல் நாடு முழுவதிலும் 17 நோயாளரே காணப்பட்டனர். வெற்றி கிட்டியதென எண்ணிக் கண்காணிப்புத் தளர்ந்தது. 1969 இலோ நோயுற்றோர் தொகை ஐந்து இலட்சத்தைக் கடந்தது. நுளம்பைக் கொல்லும் மருந்து கையில் இருந்தும், எண்ணிக்கை குறைந்த காலத்தில் எண்ணுவதை நிறுத்தலாகாது என்னும் பாடம் பெரும் விலை கொடுத்தே கற்கப்பட்டது. அப்பாடத்தை மறவாது, ஒவ்வொரு நோயாளியையும் தேடிக் கண்டமையாலேயே 2012 இன் பின்னர் உள்நாட்டிற் பரவும் மலேரியா இல்லாதொழிந்தது. 2016 இல் உலக சுகாதாரத் தாபனம் இலங்கைக்கு அதற்கான சான்றிதழை வழங்கிற்று.

எனினும் அதே ஆண்டின் இறுதியில், இந்திய நகரங்களில் மலேரியாவைப் பரப்பும் நுளம்பினம் ஒன்று மன்னாரிலே கண்டறியப்பட்டது. கிணறுகளிலும் நீர்த்தொட்டிகளிலும் பெருகவல்ல அந்நுளம்புக்குக் கடலும் தடையாகவில்லை. ஒரு நாடு தன்னளவில் நோயைத் துடைத்தெறிந்தாலும், அயல்நாட்டின் நிலையை அறியாதிருத்தல் இயலாது. பொதுச் சுகாதாரக் கல்வி பன்னாட்டுக் கல்வியாதல் வேண்டுமென்பதன் காரணம் இதுவே. நைஜீரியரும் இந்தியரும் இலங்கையரும் ஒரே வகுப்பிலிருந்து கற்கும்போது, ஒருவர் நாட்டில் நேர்ந்த பிழை மற்றவர் நாட்டுக்கு எச்சரிக்கையாகின்றது.

இன்று இக்கல்வியைப் பெறுதற்குக் கடல்கடந்து செல்லுதல் எல்லோர்க்கும் இன்றியமையாததன்று. கொழும்புப் பல்கலைக்கழகம் வைத்தியருக்குச் சமுதாய வைத்தியத்தில் உயர் பட்டங்களை வழங்குகின்றது. இலண்டன் பல்கலைக்கழகத்தின் பொதுச் சுகாதாரப் படிப்பை வீட்டிலிருந்தே தொலைக்கல்வி மூலம் பயிலவும் வழியுண்டு. உயிரியலோடு கணிதத்தையும் புவியியலையும் புறக்கணியாது கற்கும் கல்லூரி மாணவன் இத்துறைக்கு வேண்டிய அடித்தளத்தை இன்றே இட்டவனாவான். அவனாற் காக்கப்படுவோர் அவனை அறியார். நோயுறாதவர் வைத்தியரைத் தேடி வந்து நன்றி கூறுவதில்லை. அந்நன்றியை எதிர்பாராது உழைக்கும் மனப்பாங்கே இக்கல்விக்கு முதற்றகுதியாகும்.