இரைச்சலில் பிறக்கும் அலை

சித்தூரிலிருந்து திருப்பதிக்குப் போகும் வழியில் காதங்கி என்ற கிராமம் இருக்கிறது. அங்குள்ள தேசிய வளிமண்டல ஆராய்ச்சி ஆய்வக வளாகத்தில், 32-க்கு 32 என்ற சதுரத்தில் 1,024 இடங்களில் யாகி ஆன்டெனாக்கள் வானை நோக்கி நிற்கின்றன. 1990-களின் தொடக்கத்தில் இயங்கத் தொடங்கிய எம்.எஸ்.டி. ரேடார் இது. 53 மெகாஹெர்ட்ஸ் ரேடியோ அலையை மேலே அனுப்பும். மேகமே இல்லாத வெட்டவெளியிலும் காற்றின் கொந்தளிப்பு திருப்பியனுப்பும் மெல்லிய எதிரொலியைப் பிடித்து, அந்த உயரத்தில் காற்று எவ்வளவு வேகமாக வீசுகிறது என்று சொல்லும்.

காற்று நொடிக்கு ஒரு மீட்டர் வேகத்தில் ரேடாரை நோக்கி வந்தால், எதிரொலியின் அதிர்வெண் சுமார் 0.35 ஹெர்ட்ஸ் மட்டுமே கூடும். நொடிக்கு 5 கோடியே 30 லட்சம் அதிர்வுகளில் அரை அதிர்வுகூட இல்லாத இந்த வித்தியாசத்தைக் கண்டுபிடிக்க, அடி பிசகாத அலை ஒன்று வேண்டும். அதைத் தருவது அலையியற்றி என்னும் மின்சுற்று. ஒழுங்கின் உருவமான அந்த அலை எதிலிருந்து பிறக்கிறது? இரைச்சலிலிருந்து.

எந்தப் பொருளிலும் எலக்ட்ரான்கள் வெப்பத்தால் ஓயாமல் அலைபாய்கின்றன. அதனால் மின்தடையின் இரு முனைகளுக்கிடையே ஒழுங்கற்ற நுண்ணிய மின்னழுத்தம் எப்போதும் துடித்துக்கொண்டே இருக்கும். பெல் ஆய்வகத்தில் ஜான்சன் இதை அளந்தார். நைக்விஸ்ட் கணக்கிட்டு விளக்கினார். இருவரின் கட்டுரைகளும் 1928-இல் வெளிவந்தன. இந்த இரைச்சலில் எல்லா அதிர்வெண்களும் கலந்திருக்கும்.

திருவிழாப் பந்தலில் மைக்கை ஒலிபெருக்கிக்கு எதிரே வைத்தால் யாரும் பேசாமலேயே கூவத் தொடங்குகிறதல்லவா? அலையியற்றியிலும் நடப்பது அதுதான். டிரான்சிஸ்டர் பெருக்கிய மின்சைகையின் ஒரு பகுதி மீண்டும் அதன் நுழைவாயிலுக்கே வருகிறது. இடையிலுள்ள ஒத்ததிர்வுச் சுற்று ஒரே ஓர் அதிர்வெண்ணைத் தேர்ந்தெடுக்கிறது. இரைச்சலில் அந்த அதிர்வெண்ணுக்குரிய துளி மட்டும் சுற்றிச் சுற்றி வளர்கிறது. ஒரு மைக்ரோவோல்ட்டில் தொடங்கினாலும், 20 முறை இரட்டித்தால் ஒரு வோல்ட்டைத் தாண்டிவிடும். அதற்குமேல் டிரான்சிஸ்டரால் பெருக்க முடியாமல் போக, அலையின் உயரம் நிலைபெறுகிறது. மின்சாரம் பாயத் தொடங்கும் கணத்தின் அதிர்ச்சியும் அலையைத் தொடங்கிவைக்க உதவும். அது இல்லாவிட்டாலும் வெப்ப இரைச்சலே போதும்.

பெற்றெடுத்ததோடு இரைச்சலின் வேலை முடிவதில்லை. அலையின் உயரம் சற்று மாறினால் சுற்றே அதைத் திருத்திவிடும். ஆனால் அலை ஒரு நொடித்துளி முந்தினாலோ பிந்தினாலோ, பழைய இடத்துக்கு இழுத்துவர எந்த விசையும் இல்லை. அந்தச் சிறு பிசகுகள் சேர்ந்துகொண்டே போகும். இதைக் கட்ட இரைச்சல் என்பார்கள். டிரான்சிஸ்டரின் குறைகடத்திப் பரப்பில் எலக்ட்ரான்கள் சிக்கி விடுபடுவதால் எழும் மெதுவான இரைச்சலும் இதில் கலந்து அலையைக் கலைக்கும்.

ரேடாரில், அனுப்பும் அலைக்கும் எதிரொலியை ஒப்பிடுவதற்கும் ஒரே மூல அலையைப் பயன்படுத்துவார்கள். 15 கிலோமீட்டர் உயரம் போய்த் திரும்ப 100 மைக்ரோநொடி போதும். அந்த இடைவெளிக்குள் அலை தடுமாறாமல் இருந்தால் காற்றின் வேகம் தெளிவாகக் கிடைக்கும். அதிர்வெண் எளிதில் மாறாத குவார்ட்ஸ் படிகங்களை அலையியற்றிகளில் வைப்பதற்குக் காரணம் இந்த உறுதிதான்.

இன்னும் வியப்பானது ஒன்று உண்டு. சில அமைப்புகள் தாமாக அலைவதில்லை; ஒரு தூண்டல் கிடைத்தால் ஒருமுறை துடித்துவிட்டு அடங்கும். அவற்றில் இரைச்சலைச் சேர்த்தால், குறைவாக இருக்கும்போது துடிப்பு எப்போதாவது வரும், மிகுந்தால் தாறுமாறாகும், நடுவே ஓர் அளவில் துடிப்புகள் மிக ஒழுங்காக வரும். 1997-இல் பிக்கோவ்ஸ்கியும் குர்த்ஸும் விளக்கிய இந்த விளைவு, சில நானோமீட்டர் தடிமனில் இருவகைக் குறைகடத்திகளை மாற்றி மாற்றி அடுக்கிய மீயடுக்குகளிலும் சோதனைகளில் தெரியவந்தது.

இரைச்சலை அடியோடு ஒழிக்க வெப்பத்தையே ஒழிக்க வேண்டும், அது நடக்காது. எந்த இடத்தில் அதற்கு வழிவிடுவது, எந்த இடத்தில் அடக்குவது என்று அறிவதே மின்னணுவியலின் உயர்ந்த திறன். வானிலையைப் படிக்கும் கருவிகளின் துல்லியம் அந்தத் திறனில்தான் நிற்கிறது.