சித்திரையில் போடும் கணக்கு

சென்னைக்கு மேற்கேயுள்ள ஊர்களின் பெயர்களை ஒருமுறை சொல்லிப் பார்த்தால், ஒரு பெருந்தோட்டத்தைச் சுற்றி வந்தது போலிருக்கும். முல்லைக்கொடி படர்ந்த திருமுல்லைவாயில், வேலமரங்கள் அடர்ந்த திருவேற்காடு, மாமரங்கள் சூழ்ந்த மாங்காடு, மலர் மணக்கும் பூவிருந்தவல்லி, அப்பால் பருத்திப்பட்டு, வேப்பம்பட்டு. தொண்டைமான் ஏறிவந்த யானையின் கால்களை முல்லைக்கொடிகள் பின்னிக்கொண்டன என்றும், அவன் அவற்றை வாளால் வெட்டியபோது உள்ளே மறைந்திருந்த சிவலிங்கத்தின் மீது வெட்டுப்பட்டுக் குருதி பெருகியது என்றும் திருமுல்லைவாயில் தலவரலாறு கூறும். மாசிலாமணீசுவரரின் திருமேனியில் சந்தனக் காப்பு சாத்தப்படுவது அதனால்தான்.

இன்று அந்தத் தோட்டம் பெரும்பாலும் பெயரளவில்தான் எஞ்சியிருக்கிறது. 1960-களில் அம்பத்தூரில் தொழிற்பேட்டையும், ஆவடியில் பீரங்கி வண்டிகள் செய்யும் தொழிற்சாலையும் எழுந்தன. குடியிருப்புகள் பெருகின, வயல்கள் மனைகளாயின. ஆயினும் ஆடிப்பெருக்கும் ஆயுத பூசையும் பொங்கலும் அவ்வீடுகளில் ஆண்டு தவறாமல் நடந்து வருகின்றன. முன்பு அவை பண்டிகை நாள்களாக மட்டும் இருக்கவில்லை. சிறு நிலம் வைத்திருந்த குடும்பம் தன் ஓராண்டு வேலையை அளந்து நட்டுவைத்த எல்லைக் கற்களாகவும் இருந்தன. திருநின்றவூருக்கும் திருவள்ளூருக்கும் சுற்றிலும் இன்னமும் உழவு நடக்கும் இடங்களில் அந்தக் கணக்கு முற்றிலும் மறைந்துவிடவில்லை.

கணக்கு தொடங்கும் நாள் சித்திரை முதல் நாள். அன்று கோயில் மண்டபத்தில் பஞ்சாங்கம் படிப்பார்கள். இவ்வாண்டுக்கு ராஜா யார், மந்திரி யார், பயிர்களுக்கு அதிபதி யார், மழை எத்தனை மரக்கால் என்று வரிசையாக வரும். பட்டணவாசிகள் தத்தம் ராசிக்குரிய ஆதாய விரயத்தைக் கேட்டதும் எழுந்துவிடுவர். உழவரோ மழைக் கணக்கு வரும்வரை அமர்ந்திருப்பார். அது அப்படியே பலிக்கிறதா என்பது வேறு கேள்வி. ஆண்டின் முதல் நாளிலேயே மழையைப் பற்றி ஊர் கூடி நினைத்துப் பார்த்தது என்பதே அதன் பெரும்பயன். அதன்பின் நல்ல நாள் பார்த்து நல்லேர் பூட்டுவார்கள். நிலத்தில் ஏர் இறங்கும் முன்பே ஆண்டு முழுவதற்குமான வேலை மனத்தில் நடந்து முடிந்திருக்கும்.

மனத்தில் நடத்துவது எளிய வேலை என்று எண்ணுவோர் திருநின்றவூர்ப் பூசலாரை நினைத்துக்கொள்ளலாம். கையில் பொருளில்லாத அந்த அந்தணர், சிவபெருமானுக்கு மனத்திலேயே கோயில் எழுப்பினார். எடுத்த எடுப்பில் விமானத்தை நினைத்துவிடவில்லை. பொருள் தேடி, தச்சரை அழைத்து, நாள் பார்த்து அடிநிலையிட்டு, படிப்படியாகக் கட்டி, கிணறும் குளமும் மதிலும் அமைத்து, அதன்பின்னரே குடமுழுக்கு நாளைக் குறித்தார். காஞ்சியில் பல்லவ மன்னன் கற்றளிக்குக் குறித்த அதே நாளாக அது அமைந்தது. இறைவன் மன்னனிடம் நாளை மாற்றிவைக்கச் சொன்னார். அங்குள்ள இருதயாலீசுவரர் ஆலயத்தில் வணங்கும்போது, அந்த மனக்கோயிலின் ஒழுங்கையும் சேர்த்து வணங்கத் தோன்றும். வரிசை பிறழாமல் நினைப்பதும் ஒரு வேலைதான்.

இப்பகுதியில் நிலத்தைக் காணிக்கணக்கில் அளப்பது பழைய வழக்கம். 100 குழி ஒரு காணி. இன்றைய அளவில் ஏறத்தாழ 1.32 ஏக்கர். ஒரு காணி மட்டுமே உள்ள குடும்பம் அதை முழுவதும் நெல்லுக்கே விட்டால், நெல் பொய்த்த ஆண்டில் உலை வைக்க வழியிராது. ஆகவே தாழ்ந்த பக்கம் நெல்லுக்கு, மேட்டுப்பகுதி வேர்க்கடலைக்கும் காய்கறிக்கும், கிணற்றடி மஞ்சளுக்கும் வாழைக்கும், வேலியோரம் அகத்திக்கும் முருங்கைக்கும் என்று பிரிப்பார்கள். மகாளய அமாவாசையன்று பசுவுக்குக் கொடுக்கும் அகத்திக்கீரைக் கட்டு அந்த வேலியிலிருந்தே வந்தது.

பிரித்தபின் போடும் கணக்கு பின்னோக்கிச் செல்லும் கணக்கு. முடியும் நாளை முதலில் குறித்துக்கொண்டு, அங்கிருந்து விதைக்கும் நாளுக்கு இறங்கி வர வேண்டும். பொங்கலன்று சூரியனுக்குப் படைப்பவற்றை எண்ணிப் பார்த்தால் இது விளங்கும். பானையில் கட்டும் மஞ்சள் கொத்து வைகாசியில் மண்ணுக்குள் போன விதைக்கிழங்கு. தை பிறக்கும்போது அதற்கு எட்டு மாதமே ஆகியிருக்கும். இலை பசுமை மாறியிராது, அதனால்தான் கொத்தாகக் கட்ட முடிகிறது. மீதியை மாசியில் இலை காய்ந்தபின் தோண்டுவர். சாத்தும் கரும்போ சித்திரையளவிலேயே கரணை போட்டது. மொச்சை பொழுது குறுகும் காலத்தில் பூப்பது; ஆடியில் ஊன்றினால்தான் மார்கழியில் பூத்துத் தையில் காய்க்கும். பரங்கியும் சர்க்கரைவள்ளிக் கிழங்கும் நாலு மாதப் பயிர்கள். புத்தரிசியாகப் பொங்கும் சம்பா நெல்லுக்கு ஆடியில் நாற்று விட்டு ஆவணியில் நட்டிருக்க வேண்டும். ஆக, தைப் பொங்கலின் தலைவாழை இலையில் இருப்பவை ஒரே நாளில் சந்தையில் வாங்கியவை அல்ல. ஒன்பது பத்து மாதங்களில் வெவ்வேறு நாள்களில் மண்ணுக்குள் இட்டவை. சொல்லிவைத்தாற்போல் ஒரே காலையில் வந்து சேர்கின்றன.

மார்கழிக் கோலத்தின் நடுவே சாணத்தில் செருகும் பரங்கிப்பூவுக்கும் இதே கணக்கு உண்டு. புரட்டாசியில் விதை ஊன்றினால்தான் மார்கழி விடியலில் பூ கிடைக்கும். அறிந்த பெண்கள் காம்பு நீண்ட ஆண் பூவையே பறிப்பார்கள். பிஞ்சு தாங்கிய பூவைத் தொடமாட்டார்கள். வண்டுகளுக்கும் சில ஆண் பூக்களைக் கொடியில் விட்டுவைப்பார்கள்.

ஆடிமாதத்தில் திருமணம் பேசுவதில்லை. அதற்குச் சொல்லப்படும் காரணங்கள் பல. விதைப்பு, நாற்றங்கால், களை என்று வீட்டிலுள்ள அத்தனை கைகளும் மண்ணில் இருக்கும் மாதம் அது. கையிலிருந்த காசும் விதைக்கும் எருவுக்கும் போயிருக்கும். கல்யாணம் வைத்தால் பந்திக்குப் பரிமாற ஆளிருக்காது என்பதும் ஒரு காரணமாக இருந்திருக்கலாம்.

இத்தனைக்கும் ஆதாரம் ஏரி. திருவள்ளூர், செங்கல்பட்டுப் பகுதியில் மூன்று நெற்போகங்கள்: சித்திரை, வைகாசியில் தொடங்கும் சொர்ணவாரி, ஆடி, ஆவணியில் தொடங்கும் சம்பா, மார்கழி, தையில் தொடங்கும் நவரை. மூன்றையும் ஒரே நிலத்தில் வைப்பது எல்லோருக்கும் கூடிவராது. சென்னை வட்டாரத்தில் ஆண்டு மழை ஏறத்தாழ 1,400 மில்லிமீட்டர். அதில் பாதிக்குமேல் ஐப்பசியிலிருந்து மார்கழிக்குள் கொட்டிவிடுகிறது. எஞ்சிய மாதங்களுக்கு அந்த நீரைத் தேக்கி வைப்பதற்கே ஏரிகள். ஏரியின் அடி தெரியும் சித்திரை, வைகாசியில் வண்டலை வெட்டி வண்டியில் ஏற்றி வயலில் பரப்புவர். ஏரிக்கு ஆழம், வயலுக்கு உரம். கோடை மழை ஒன்று பெய்தவுடன் உழுது போட்டுத் தக்கைப்பூண்டோ சணப்போ விதைத்து, பூக்கும் தருணத்தில் மடக்கி உழுதுவிட்டால் சம்பாவுக்கு வேறு எரு பாதியளவே போதும். கிணற்று நீருள்ளவர் சொர்ணவாரி வைத்தால் ஆவணிக்குள் அறுத்துவிடலாம். அந்த நெல் இரண்டு மாதம் பத்தாயத்தில் இருந்து, ஐப்பசிப் பௌர்ணமி அன்னாபிஷேகத்துக்கு அரிசியாகும்.

கணக்கு எத்தனை நுட்பமாயிருந்தாலும் வானம் அதைக் கலைக்கும். பூவிருந்தவல்லியை அடுத்த செம்பரம்பாக்கம் ஏரி 3,645 மில்லியன் கனஅடி கொள்ளக்கூடியது. ஒருகாலத்தில் வயல்களை நனைத்தது, இன்று சென்னைக்குக் குடிநீர் தருகிறது. 2015 டிசம்பர் முதல் வாரத்தில் அது நிரம்பித் திறந்துவிடப்பட்டு, அடையாற்றின் கரையெங்கும் வெள்ளம் சூழ்ந்ததைப் பலரும் கண்டனர். 2019 ஜூனில் அதே ஏரி வறண்டு வெடித்துக் கிடந்தது. நாலு ஆண்டுகளுக்குள் இரண்டும். ஆகவேதான் பெரியவர்கள் ஒரே பயிரை நம்பவில்லை. விதையையும் ஒரே முறையில் இறைத்துவிடவில்லை. பூங்கார் போன்ற குறுகிய நாள் நெல்லில் ஒரு மூட்டையைத் தனியே கட்டி வைப்பார்கள். ஐப்பசி வெள்ளத்தில் சம்பா அழுகிப்போனால், தண்ணீர் வடிந்தபின் நவரையில் போட அது உதவும்.

விளைந்ததில் யாருக்கு எவ்வளவு என்பதும் சித்திரையிலேயே முடிவான கணக்குத்தான். பூவிருந்தவல்லி உள்ளிட்ட செங்கல்பட்டு ஜாகீர் 1763-ல் கிழக்கிந்தியக் கம்பெனியின் வசமானது. 1767 முதல் 1774 வரை தாமஸ் பர்னார்ட் என்னும் அதிகாரி அங்கு ஏறத்தாழ 2,000 கிராமங்களை அளந்து எழுதினார். அந்தக் கணக்குகளில் நிலத்தின் அளவு மட்டுமன்றி, களத்துமேட்டில் நெல்லை அளக்கும்போதே கோயிலுக்கும் ஏரிப் பராமரிப்புக்கும், தச்சர், கொல்லர், வண்ணார், மருத்துவர் ஆகியோருக்கும் எடுத்துவைத்த பங்குகளும் பதிவாகியுள்ளன. மீந்ததைக் கொடுப்பது என்ற பேச்சு அதில் இல்லை. எடுத்துவைத்தபின் மீந்ததே உழவனுடையது. திருவேற்காட்டு மூர்க்க நாயனார் நிலமெல்லாம் விற்று அடியார்களுக்கு அமுது படைத்தார். அது நாயன்மார்களால் ஆகக்கூடிய செயல். குடும்பஸ்தர்கள் விதைநெல்லை விற்காமலிருந்தால்தான் அடுத்த ஆண்டும் கோயிலுக்குப் பங்கு போகும்.

இத்தகைய ஆண்டுக் கணக்கு உச்சத்தை எட்டுவது நெல்வயலில் அன்று, நந்தவனத்தில். நெல்லுக்கு அறுவடை ஆண்டில் ஒருமுறையோ இருமுறையோ. பெருமாளுக்கு மாலை நாள்தோறும் வேண்டும். ஒரு நாளும் வெறுங்கையாகப் போகலாகாது. பூவிருந்தவல்லியில் அவதரித்த திருக்கச்சி நம்பிகள், தமக்குக் கிடைத்த பொருளைக்கொண்டு நந்தவனம் அமைத்து, அங்கு மலர்ந்த பூக்களை ஏறத்தாழ 50 கிலோமீட்டர் தொலைவிலுள்ள காஞ்சி வரதராசருக்குச் சுமந்து சென்றார் என்பது வைணவ மரபு. திருவாலவட்டக் கைங்கரியம் செய்து, வரதரோடு பேசும் பேறு பெற்றவர், இராமாநுசருக்கு வழிகாட்டியவர். அவருடைய பக்தியைப் போற்றுவோர், அந்தத் தோட்டத்தின் வேலையை அதிகம் நினைப்பதில்லை. ஆண்டு முழுவதும் பூ ஓயாத தோட்டம் பக்தியால் மட்டும் அமைவதில்லை. அதற்குக் கத்தி பிடிக்கத் தெரிய வேண்டும்.

மூன்று மல்லிகை இனங்களின் கவாத்தைப் பார்த்தால் போதும். குண்டுமல்லியை நவம்பர் கடைசி வாரத்தில், அதாவது கார்த்திகையில், தரையிலிருந்து 50 சென்டிமீட்டர் விட்டு வெட்டுவர். சாதிமல்லிக்கு ஒரு மாதம் கழித்து மார்கழியில். முல்லைக்கு மேலும் ஒரு மாதம் கழித்துத் தையில். மூன்றையும் ஒரே நாளில் வெட்டிவிட்டால் வேலை எளிதுதான். ஆனால் மூன்றும் சேர்ந்தாற்போல் மொட்டையாக நிற்கும். கவாத்து மாதங்களில் கைகொடுக்கச் சாமந்தி இருக்கிறது. அது பொழுது குறுகும் கார்த்திகை, மார்கழியில் பூப்பது. ஆயுத பூசைக்குத் துலுக்கச் சாமந்தி வேண்டுமென்றால் ஆடிக் கடைசியில் நாற்று விட்டாக வேண்டும். எதுவும் இல்லாத நாளுக்கு அரளியும் நந்தியாவட்டையும். அவை காலம் பார்ப்பதில்லை. பெருமாளுக்குத் துளசி, சிவனுக்கு வில்வம் எப்போதும் உண்டு.

கவாத்து வெட்டிய மறுநாள் தோட்டத்தைப் பார்ப்பவர்களுக்கு மனம் பதறும். பச்சையே இல்லாமல் குச்சிகளாக நிற்கும் செடிகளைக் கண்டு, யாரோ அழித்துவிட்டார்கள் என்று நினைப்பவர்களும் உண்டு. எருவிட்டு நீர் பாய்ச்சி, மார்கழிப் பனியும் தைக் குளிரும் கழிந்தபின், மாசியில் புதுக்கிளைகளின் நுனியில் அரும்பு தெரியும். திருக்கச்சி நம்பிகளின் திருநட்சத்திரம் மாசி மாத மிருகசீரிடம். கார்த்திகையில் வெட்டிய குண்டுமல்லியின் முதல் அரும்புகளைப் பூவிருந்தவல்லிப் பக்கத்தில் பறிக்கத் தொடங்குவதும் ஏறக்குறைய அந்த நாள்களில்தான்.