கைவேலைப்பாட்டுத் தோல் இடைவார்

கைவேலைப்பாட்டுத் தோல் இடைவார் என்பது, தோலின் மேற்பரப்பில் கத்தியாலும் அச்சுக் கருவிகளாலும் உருவங்கள் பதித்துக் கையால் செய்யப்படும் இடைவார் ஆகும். பேச்சு வழக்கில் இடைவார் பெல்ட் எனப்படும். சில எளிய கருவிகளைக் கொண்டு இதனை வீட்டிலேயே செய்யலாம். ஆயினும் பதித்த உருவம் நிலைப்பது, தோல் பதனிடப்பட்ட முறையைப் பொறுத்தது.

தோல்

தோல் பதனிடும் முறைகளுள் தாவர முறையும் குரோமிய முறையும் முதன்மையானவை. தாவர முறையில், மரப்பட்டை, காய் முதலியவற்றிலுள்ள டானின் என்னும் துவர்ப்புப் பொருள் தோலின் இழைகளைப் பிணைக்கிறது. இத்தோல் நீரை உறிஞ்சி இளகும். அந்நிலையில் அழுத்திய உருவம் உலர்ந்த பின்னரும் மாறாது. குரோமிய உப்புகளால் பதனிட்ட தோல் மென்மையும் மீள்தன்மையும் உடையது. ஆகவே அதில் அழுத்திய தடம் நிலைப்பதில்லை. வெட்டிய விளிம்பின் நடுப்பகுதி நீலச்சாம்பல் நிறமாக இருப்பின் அது பெரும்பாலும் குரோமியத் தோலாகும்.

தமிழ்நாட்டில்

தமிழ்நாட்டில் ஆவாரம்பட்டை, கடுக்காய் ஆகியவற்றால் பதனிடப்படும் தோல் கிழக்கிந்தியத் தோல் என அறியப்படுகிறது. திண்டுக்கல், திருச்சிராப்பள்ளி ஆகிய ஊர்கள் இதற்குப் பெயர் பெற்றவை. இத்தோல் புவிசார் குறியீடு பெற்றுள்ளது. மேற்கு வங்காளத்தின் சாந்திநிகேதன் தோல் பொருட்களிலும் தாவர முறையில் பதனிட்ட தோலின் மேலேயே உருவங்கள் பதிக்கப்படுகின்றன.

செய்முறை

1. 3 முதல் 4 மி.மீ. தடிமனும் ஏறக்குறைய 4 செ.மீ. அகலமும் உள்ள வார் வெட்டப்படுகிறது. இடையளவு 85 செ.மீ. எனில், கொக்கிக்கான மடிப்புக்கு 7 செ.மீ., நுனிக்கு 15 செ.மீ. சேர்த்து 107 செ.மீ. நீளம் தேவை.
2. பஞ்சினால் நீர் தடவி, தோலின் பழைய நிறம் ஏறக்குறையத் திரும்பும் வரை காத்திருக்க வேண்டும். ஈரம் மிகுந்தால் உருவம் தெளிவாக அமையாது, குறைந்தால் பதியாது.
3. உருவத்தின் கோடுகள், தடிமனில் பாதிக்கு மேற்படாமல் கத்தியால் கீறப்படுகின்றன.
4. வாரைக் கருங்கல் பலகையின் மேல் வைத்து, கோட்டின் ஓரங்களை அச்சுக் கருவியாலும் கொட்டாப்புளியாலும் தட்டித் தாழ்த்தினால் உருவம் புடைத்துத் தோன்றும்.
5. வார் நிழலில் உலர்த்தப்படுகிறது. ஈரத்தோல் தட்டும்போது சற்று நீளும். ஆதலால், உலர்ந்த பின்னரே அளவு பார்த்துத் துளைகள் இட வேண்டும்.
6. விளிம்புகளைத் தேய்த்து, தேன்மெழுகு பூசி, கொக்கி பொருத்தப்படுகிறது.

ஈரமான தாவரத் தோலின் மேல் இரும்புத் தூள் பட்டால் கருங்கறை படியும். கடுக்காயும் அன்னபேதியும் சேர்ந்து கருமை தருவதும் டானினும் இரும்பும் கூடும் இதே வேதிவினையால்தான்.

பராமரிப்பு

ஈரக்காற்றில் தோலின் மேல் பூஞ்சணம் படரும். குற்றாலச் சாரல் காலத்தில் தென்காசி, வடகரை போன்ற ஊர்களில் இடைவாரை மூடிய அலமாரியிலோ நெகிழிப் பையிலோ வைக்காமல், காற்றோட்டமான இடத்தில் தொங்கவிடுவது நல்லது. நேரடி வெயில் தோலை வெடிக்கச் செய்யும்.