வீடு திரும்பிய பிறகுதான் சோதனை

மறுவாழ்வு நிலையத்திலிருந்து மகனோ கணவனோ வீடு திரும்பும் நாளில் குடும்பமே மகிழ்கிறது. "குணமாகிவிட்டார், இனி கவலையில்லை" என்று உறவினர்களிடம் சொல்லிக்கொள்கிறார்கள். பல குடும்பங்கள் செய்யும் முதல் தவறே இதுதான்.

நிலையத்தில் இருந்தவரை எழும் நேரம், உண்ணும் நேரம், உறங்கும் நேரம் என அனைத்தும் வகுக்கப்பட்டிருந்தன. கையில் பணம் இல்லை. பழைய கூட்டாளிகள் அருகில் இல்லை. வெளியே வந்ததும் இவை ஒரே நாளில் மாறிவிடுகின்றன. வழக்கமாகக் குடித்த கோப்பிக் கடை, சம்பள நாள், பழைய நண்பரின் தொலைபேசி அழைப்பு ஆகியவற்றில் ஏதாவது ஒன்றே மூளையில் பதிந்திருக்கும் ஆசையைக் கிளப்பிவிடும். போதைப் பழக்கம் நீண்டகால நோய். சிகிச்சை பெற்றோரில் 40 முதல் 60 விழுக்காட்டினர் மீண்டும் பழக்கத்திற்குத் திரும்புவதாக அமெரிக்காவின் தேசியப் போதைப்பொருள் ஆய்வுக் கழகம் கூறுகிறது. ரத்த அழுத்தம், ஆஸ்துமா நோயாளிகளுக்கும் நோய் இவ்வாறே திரும்புகிறது.

ஹெராயின் போன்ற போதைப்பொருளில் உயிராபத்தும் உண்டு. பல மாதங்கள் விலகியிருந்த உடல் பழைய அளவைத் தாங்காது. முன்பு எடுத்த அதே அளவை எடுத்தால் மூச்சு நின்றுவிடக்கூடும். எனவே, வெளிவந்த முதல் சில வாரங்களில் மிகுந்த விழிப்பு தேவை.

துணை எங்கே கிடைக்கும்?

சிங்கப்பூரில் 1972-இல் தொடங்கப்பட்ட போதைப்பொருள் எதிர்ப்புச் சங்கமான 'சானா', திருந்தி வருவோருக்கும் அவர்களின் குடும்பத்தாருக்கும் ஆலோசனை வழங்குகிறது. நிலையத்திற்கும் வீட்டிற்கும் இடைப்பட்ட காலத்தில் தங்குவதற்கு மறுவாழ்வு இல்லங்கள் உள்ளன. இந்து அறக்கட்டளை வாரியமும் 'ஆசிரமம்' என்ற இல்லத்தை நடத்துகிறது. 2004-இல் தொடங்கிய மஞ்சள் நாடாத் திட்டம், இவர்களுக்கு மறுவாய்ப்பு அளிக்கும்படி சமுதாயத்தைக் கேட்டுக்கொள்கிறது. மதுவை விட்டவர்களுக்கு 1935-இல் அமெரிக்காவில் தோன்றிய 'ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்' குழுவின் கூட்டங்கள் இங்கும் நடைபெறுகின்றன. கட்டணம் இல்லை, முழுப் பெயரைச் சொல்லவேண்டியதும் இல்லை. ஆசை எழும் நள்ளிரவில் அழைத்துப் பேச, அதே பாதையைக் கடந்து வந்த ஒருவர் கிடைப்பதே இதன் பெரும் பயன்.

குடும்பத்தின் பங்கு

அக்கறை வேண்டும், ஆனால், சட்டைப் பையைச் சோதிப்பதும் பழையதைச் சொல்லிக்காட்டுவதும் அவரை மீண்டும் பழைய கூட்டாளிகளிடமே அனுப்பிவிடும். முதல் மாதங்களில் சம்பளப் பணத்தை யார் வைத்திருப்பது என்பதை இருவரும் பேசி முடிவெடுக்கலாம். திருமண விருந்தில் "ஒரே ஒரு கிளாஸ்தானே" என்று மாமா நீட்டினால், "அவர் குடிப்பதில்லை மாமா" என்று மனைவி சொல்லத் தயங்கக்கூடாது. பசி, கோபம், தனிமை, களைப்பு ஆகிய நான்கும் ஆசையைத் தூண்டுபவை. வேளைக்குச் சாப்பாடும் பேச்சுத் துணையும் நல்ல உறக்கமும் இந்த வகையில் மருந்துகளே.

ஒருநாள் சறுக்கிவிட்டால்? எல்லாம் வீணாயிற்று என்று குடும்பம் கைவிட்டால், அந்தச் சறுக்கலே முழு வீழ்ச்சியாகிவிடும். அன்றே ஆலோசகரை அழைத்து உண்மையைச் சொன்னால் மீளலாம். மறைத்துவைக்கும் ஒவ்வொரு நாளும் திரும்பி வரும் வழியைக் கடினமாக்குகிறது. "உண்மையைச் சொன்னால் இந்த வீட்டில் திட்டு விழாது" என்ற நம்பிக்கையை அவருக்கு முன்கூட்டியே கொடுத்துவைப்பது குடும்பத்தின் கையில் இருக்கிறது.