ஒரே லயத்தில் வளர்ந்தவர்களில் ஒருவருக்கு மட்டும் ஏன் பல் விழுகிறது?



மடுத் திருவிழாவுக்குப் போனபோது மன்னாரில் ஒரு சொந்தக்காரர் வீட்டில் தங்கினோம். தின்பதற்குப் புழுக்கொடியல் தந்தார்கள். நம்மோடு வந்த அண்ணன் தம்பி இருவரில் அண்ணன் கடக் கடக்கென்று கடித்தார். தம்பிக்கு வயது நாற்பத்திரண்டுதான். வாயில் ஐந்தாறு பல்லே மிச்சம். "எங்க அப்பாவுக்கும் இப்படித்தாங்க. அது எங்க ராசி" என்று சொல்லி, கையில் இருந்ததை மடியில் கட்டிக்கொண்டார். பக்கத்தில் வாய் கொப்பளித்த அவருடைய மகன் துப்பியதில் இரத்தம் இருந்தது. அதைப் பார்த்த பிறகுதான் இதை எழுத நினைத்தோம்.

இது ராசியா? இதற்குப் பதில் சொன்ன ஆராய்ச்சி நம் மலையகத்திலேயே நடந்தது. நம் பாட்டன் பூட்டன் பலர் தலைமன்னாரில் கப்பல் இறங்கி மலைக்கு வந்தவர்கள். அவர்கள் பிள்ளைகளுக்கும் ஒரே வேலை, ஒரே சாப்பாடு. 1970இல் நோர்வே நாட்டுப் பல் வைத்தியப் பேராசிரியர் ஹெரல்ட் லோ குழுவினர், டன்சினேன், ஹெரோ தோட்டங்களில் 480 ஆண் தொழிலாளர்களின் வாயைப் பரிசோதிக்கத் தொடங்கினார்கள். அவர்கள் பிரஷ் பிடித்ததில்லை. பல் வைத்தியமும் கிடைத்ததில்லை. எல்லோர் பல்லிலும் அழுக்கு. எல்லோர் ஈறும் வீக்கம்.

பதினைந்து வருடம் பார்த்தார்கள். 100 பேரில் 8 பேருக்கு நோய் வேகமாக முற்றி, 45 வயதுக்குள் பல் எல்லாம் போய்விட்டது. 81 பேருக்கு மெதுவாகப் பரவியது. 11 பேருக்கு ஈறு வீக்கத்தோடு நின்றுவிட்டது.

காரணம் என்ன? பல்லில் படியும் அழுக்கு வெறும் சோற்றுப் பசை இல்லை. அது கண்ணுக்குத் தெரியாத பக்டீரியாக் கிருமிகளின் கூட்டம். கழுவாமல் விட்டால் பற்கல்லாக இறுகும். கிருமி ஈறுக்குள் இறங்கும்போது உடம்பு அதோடு சண்டை போடும். சிலர் உடம்பில் அந்தச் சண்டை அளவு மீறி, பல்லைப் பிடித்திருக்கும் எலும்பையே கரைத்துவிடும். இந்தச் சுபாவம் ஓரளவு பரம்பரையாக வருவது. அமெரிக்காவில் 117 சோடி இரட்டையர்களைப் பரிசோதித்து 2000இல் வெளியிட்ட ஆய்வு, இந்த நோயில் ஆளுக்கு ஆள் உள்ள வித்தியாசத்தில் ஏறத்தாழ பாதிக்குப் பரம்பரை காரணம் என்றது.

அப்படியானால் கைகட்டி இருப்பதா? இல்லை. பரம்பரை காய்ந்த விறகு என்றால் கிருமிதான் நெருப்பு. நெருப்பு வைக்காவிட்டால் விறகு எரியாது. 2010இல் அந்த 480 பேரில் 75 பேரை மீண்டும் பரிசோதித்தார்கள். பற்கல்லை எடுப்பதும், அழுக்கை நீக்குவதும், புகைப்பதை விடுவதும் அவசியம், அதிலும் 30 வயதுக்கு முன்பே வைத்தியம் செய்ய வேண்டும் என்பதே அவர்கள் முடிவு.

ஆகவே, அப்பா அம்மாவுக்குச் சின்ன வயதில் பல் ஆடி விழுந்திருந்தால், பிள்ளைகள் மற்றவர்களைவிடக் கவனமாக இருங்கள். காலையும் இரவும் பற்பசை போட்டு, ஈறு ஓரம் வரை மெதுவாகத் துலக்குங்கள். இரத்தம் வருகிறதென்று துலக்குவதை நிறுத்தாதீர்கள். பீடி, சுருட்டு, புகையிலையை விடுங்கள். சீனி வியாதி உள்ளவர்கள் அதைக் கட்டுப்பாட்டில் வையுங்கள். அது ஈறு நோயைக் கூட்டும். ஈறில் இரத்தம், வாய் நாற்றம், பல் ஆட்டம் இருந்தால் வலி வரும் வரை காத்திருக்க வேண்டாம். இந்த நோய் பெரும்பாலும் வலிக்காமலே பல்லைத் தின்னும். அரசாங்க ஆஸ்பத்திரிப் பல் கிளினிக்கில் வைத்தியம் இலவசம்.

அந்தத் தம்பிக்குப் போன பல் திரும்பாது. ஆனால் மகனுக்கு வயது இருபத்திரண்டுதான். வரும் கிழமை அவரைக் கிளினிக்குக்கு நாமே கூட்டிப் போகிறோம். உங்கள் வீட்டிலும் இப்படிப் பிள்ளை இருந்தால் வந்து சொல்லுங்கள், சேர்ந்தே போவோம்.