ஏறும் செலவு மட்டுமல்ல, இறங்கும் செலவும்

2024 டிசம்பர் இறுதியில் எமது திருகோணமலைக் கடலில் மீனவர்கள் ஆளில்லா வானூர்தியொன்றைக் கண்டெடுத்துக் கரைசேர்த்தனர். வான் பாதுகாப்புப் பயிற்சியில் இலக்காகப் பறக்கவிடப்படும் வகை அது. இவ்வகையில் பலவற்றுக்குச் சில்லுகள் இல்லை, பரசூட்டில்தான் இறங்கும். இந்தியாவின் 'லக்ஷ்யா'வும் அப்படியே. கடலில் விழுந்ததை மீட்டு மீண்டும் பறக்கவிடுவார்கள்.

ஓடுபாதை தேவையில்லை என்பதே இதிலுள்ள இலாபம். இந்தியாவின் 'நிஷாந்த்' உளவு வானூர்தி லொறியிலிருந்து ஏவப்பட்டு, பரசூட்டில் இறங்கியது. தரையைத் தொடும்போது அடியிலிருந்த காற்றுப்பைகள் அதிர்ச்சியைத் தாங்கின. பையிலுள்ள காற்று அளவாக வெளியேற வேண்டும். இல்லையேல் வானூர்தி பந்துபோல் துள்ளிக் கவிழும்.

செலவுப் பக்கமும் உண்டு. பரசூட் விரியப் போதிய உயரம் வேண்டும். விரிந்தபின் காற்று இழுத்த திசையில்தான் போகும். ஒவ்வொரு தடவையும் சரியாக மடித்துப் பரிசோதிக்க வேண்டும். இந்திய இராணுவம் பெற்ற 4 நிஷாந்த்களும் 2015 நவம்பருக்குள் விபத்துகளில் அழிந்தன. மேற்கொண்டு வாங்குவது கைவிடப்பட்டது.

திருமண வீடியோவுக்கும் காணி அளவைக்கும் ட்ரோன் வாங்க எண்ணும் நண்பர்கள் என்னிடம் விலையை மட்டுமே விசாரிக்கிறார்கள். பரசூட் பொருத்திய ட்ரோன் என்றால் நான் மூன்று விடயங்களைக் கேட்கச் சொல்வேன். எவ்வளவு உயரத்துக்குக் கீழே பரசூட் பயன்படாது? அது விரியுமுன் மோட்டார்கள் தாமாக நிற்குமா? ஒருமுறை விரிந்தபின் மீளப் பொருத்த என்ன செலவாகும்? பறக்கவிடச் சிவில் விமான சேவைகள் அதிகாரசபையின் விதிகளையும் அறிந்துகொள்ளுங்கள்.

சரக்கு கரைசேர்ந்தால்தானே முதல் மிஞ்சும்!